கிட்டார் ஆம்புக்கு மாற்று வால்வு: சேலத்தில் ஒன்றரை ஆண்டு பயன்படுத்திப் பார்த்தபின் ஒரு மதிப்பீடு

கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) பெட்டிக்குள் அந்த வேலையைச் செய்யும், காற்று நீக்கிய கண்ணாடிக் குழலைக் கிட்டார் வாசிப்பவர்கள் ட்யூப் என்கிறார்கள். அதையே, பழைய ரேடியோவின் முதுகைக் கழற்றிப் பார்த்த தலைமுறையினர் வால்வு என்கிறார்கள். எனக்கு இந்தப் பொருளை ஒழுங்காக அறிமுகப்படுத்தியவர் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஐம்பது ஆண்டுகளாக ரேடியோ பழுது பார்த்துவரும் ஒரு பெரியவர் என்பதால், நானும் வால்வு என்றே எழுதுகிறேன். கடந்த ஒன்றரை ஆண்டில் ஒரே ஆம்பில் மூன்று ஜோடி பவர் வால்வுகளையும், முன்பகுதிக்கான சிறிய வால்வுகளில் ஐந்து வகைகளையும் போட்டு வாசித்துப் பார்த்திருக்கிறேன். அவற்றில் எது எந்த வேலைக்குத் தகும், எதற்குக் கொடுத்த பணம் வீண் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஆம்ப் 15 வாட் திறன் கொண்டது. ஒரே பெட்டிக்குள் 12 அங்குல ஸ்பீக்கரும் சேர்ந்தது. முன்பகுதியில் மூன்று 12ஏஎக்ஸ்7 வால்வுகளும், ஸ்பீக்கரை ஓட்டும் கடைசிக் கட்டத்தில் இரண்டு இஎல்84 பவர் வால்வுகளும் இருக்கின்றன. ஏற்காட்டில் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கினேன். நான்கைந்து மழைக்காலங்களை அது ஒரு ஜன்னலோரத்திலேயே கழித்திருந்தது என்பதை அப்போது நான் பொருட்படுத்தவில்லை. கீழே கொண்டுவந்து போட்டதும், ஒலி வந்தது. கூடவே எண்ணெயில் கடுகு பொரிவது போன்ற ஓசையும், அடியில் ஓயாத ஓர் உறுமலும் வந்தன.

முதல் தவறு என்னுடையது. பொரிகிற ஓசைக்குக் காரணம் வால்வுதான் என்று நானே முடிவு கட்டி, மூன்று புதிய 12ஏஎக்ஸ்7 வால்வுகளை இணையத்தில் வரவழைத்து மாட்டினேன். இரண்டு நாள் அமைதியாக இருந்தது. மூன்றாம் நாள் மீண்டும் பொரிந்தது. பெரியவரிடம் கொண்டுபோனபோது அவர் வால்வைப் பார்க்கவே இல்லை. வால்வு உட்காரும் சாக்கெட்டைத்தான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். ஒன்பது துளைகளுக்குள்ளும் இருக்கும் சிறு கவ்விகள் கறுத்துப் படலம் பிடித்திருந்தன. அவற்றில் இரண்டு, பின்னைக் கவ்வும் பிடிப்பையே இழந்து அகன்று கிடந்தன. புதிய வால்வைச் செருகி எடுத்தபோது ஏற்பட்ட உராய்வில் படலம் சற்றுத் தேய்ந்ததால்தான் அந்த இரண்டு நாள் அமைதி.

“மலை ஈரம் கண்ணு. வால்வுக்குள்ள காத்தே போகாது, ஈரம் எங்க போகும்? சாக்கெட்டுலதான் வந்து உக்காரும்” என்றார்.

துப்புரவுத் திரவத்தைத் துளைகளில் விட்டு, பல் குத்தும் குச்சியால் துடைத்து, தையல் ஊசியால் ஒவ்வொரு கவ்வியையும் உள்நோக்கி இறுக்கினார். அரை மணி நேர வேலை. அவர் கேட்ட கூலி, நான் வாங்கிய ஒரு வால்வின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பொரிகிற ஓசை அன்றோடு நின்றது. ஆகவே, ஈரப்பதம் மிகுந்த இடத்தில் கிடந்த ஆம்புக்கு வால்வு வாங்க நினைப்பவர்கள் முதலில் சாக்கெட்டைப் பார்க்க வேண்டும். ஆனால் இதை நீங்களே செய்யத் துணிந்தால் ஒன்றை மறக்காதீர்கள்: மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உள்ளேயிருக்கும் கெபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். அதை இறக்கத் தெரியாதவர் பெட்டியைத் திறக்காமலிருப்பதே நல்லது.

உறுமல் மட்டும் போகவில்லை. அது பவர் வால்வுகளைச் சார்ந்த விஷயம். அதற்குள் போவதற்கு முன் பெயர்களைப் பற்றிச் சில சொற்கள்.

அமெரிக்கர்கள் 12ஏஎக்ஸ்7 என்பதை ஐரோப்பியர்கள் இசிசி83 என்கிறார்கள். இரண்டும் ஒன்றே, ஒன்றின் இடத்தில் மற்றதைக் கவலையில்லாமல் போடலாம். அதுபோலவே இஎல்84 அமெரிக்கப் பட்டியலில் 6பிக்யூ5 ஆகிறது. ஆனால் பெயர் ஒத்திருப்பதை நம்பி இஎல்34 வால்வை வாங்கிவிடக் கூடாது. அது எட்டுப் பின் கொண்ட, உருவத்திலும் சக்தியிலும் பெரிய, முற்றிலும் வேறு வால்வு. இஎல்84-இன் பிளேட், அதாவது உள்ளிருக்கும் தகடு, தாங்கும் அதிகபட்ச வெப்பச் சுமை 12 வாட் என்றால் அதனுடையது 25 வாட்.

அடுத்து, பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பெயர். இன்று புதிதாகக் கிடைக்கும் வால்வுகளில் பெரும்பகுதி உலகின் சில ஆலைகளிலிருந்தே வருகிறது. ஸ்லோவாக்கியாவின் சாட்சா நகரில் ஜேஜே நிறுவனம் செய்கிறது. ரஷ்யாவின் சரதோவ் ஆலையிலிருந்து எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ், சோவ்டெக், டங்-சோல், முல்லார்ட், ஜெனலெக்ஸ் கோல்ட் லயன் ஆகிய பெயர்களிலெல்லாம் வால்வுகள் வருகின்றன. சீனத்திலிருந்தும் வருகின்றன. இங்கிலாந்தின் பிளாக்பர்னில் ஒரு காலத்தில் செய்த முல்லார்ட் வேறு. இன்று அதே பெயரோடு புதுப்பெட்டியில் வருவது வேறு. ஒரே ஆலையின் பொருளானாலும் உள்ளமைப்பு பெயருக்குப் பெயர் மாறத்தான் செய்கிறது என்பதால் எல்லாம் ஒன்றே என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஆனால் பழைய பெயரின் புகழுக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 2022 மார்ச்சில் ரஷ்யா வால்வு ஏற்றுமதிக்குத் தடை விதித்ததும் சரக்குக்குத் தட்டுப்பாடு வந்து விலை ஏறியது. பின்னர் வரத்து திரும்பினாலும் ஏறிய விலை பழைய இடத்துக்கு இறங்கியதாக நான் காணவில்லை.

இனிப் பவர் வால்வு. என் ஆம்பில் கேத்தோடு பயாஸ் முறை. அதாவது இரண்டு இஎல்84-களின் மின்னோட்டமும் பொதுவான ஒரு 130 ஓம் ரெசிஸ்டர் வழியே இறங்குகிறது, அதில் எழும் மின்னழுத்தமே வால்வுகளைக் கட்டுக்குள் வைக்கிறது. இத்தகைய ஆம்பில் வால்வு மாற்றும்போது திருகி அமைக்க எதுவுமில்லை; எடுத்து மாட்டினால் போதும் என்பார்கள். பாதி உண்மை. ஒழுங்காக அமைத்துக்கொள்ளத் திருகு இல்லாததால், பொருந்தாத ஜோடியைப் போட்டால் அதைச் சரிசெய்யவும் வழியில்லை.

ஆம்போடு வந்த பழைய ஜோடி தேய்ந்திருந்தது. அதற்குப் பதிலாக நான் முதலில் வாங்கியது, “பொருத்தம் பார்த்த ஜோடி” என்ற விளம்பரத்தோடு மலிவாக வந்த ஒன்று. எந்தப் பெயர், எங்கே வாங்கினேன் என்பதை விட்டுவிடுகிறேன். பொது ரெசிஸ்டரில் 11.8 வோல்ட் காட்டியது. 130-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 91 மில்லியாம்பியர், ஒன்றுக்கு 45. இதில் பத்தில் ஒரு பங்கு வால்வுக்குள்ளேயே இருக்கும் திரைக்கம்பிக்குப் போவதாகக் கழித்தால் பிளேட்டுக்கு 41. பிளேட் மின்னழுத்தம் 305 வோல்ட், பெருக்கினால் 12.5 வாட். 12 வாட் வரம்பைச் சற்றே தாண்டுகிறது. கேத்தோடு பயாஸ் ஆம்புகளில் இது அரிதல்ல என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடியிருப்பேன்.

பெரியவர் அதோடு விடவில்லை. சராசரி எனக்கு எதற்கு, ஒவ்வொன்றையும் தனியாகப் பார்ப்போம் என்றார். பொது ரெசிஸ்டரில் தனித்தனியாக அளக்க முடியாது. அதனால் ஆம்பை அணைத்து, கெபாசிட்டர்களை இறக்கிவிட்டு, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் நடு முனையிலிருந்து இரு பக்கச் சுருள்களின் தடையையும் முதலில் அளந்தார்: ஒரு பக்கம் 118 ஓம், மறுபக்கம் 131 ஓம். ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இப்படி வேறுபடுவது இயல்புதான். வெளிப்பக்கம் சுற்றிய கம்பிக்கு நீளம் கூடுதல். பிறகு மீட்டர் முனைகளைக் கவ்விகளால் பொருத்திவிட்டு, இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆம்பை இயக்கினார். அந்தக் கையை அவர் முதுகுக்குப் பின்னால் வைத்த விதமே எனக்குப் பாடமாக அமைந்தது. உயர் மின்னழுத்தத்தில் இரண்டு கையும் உள்ளே போனால் மின்சாரத்துக்கு நெஞ்சு வழியாகப் பாதை கிடைத்துவிடும். 118 ஓம் பக்கம் 4.3 வோல்ட், 131 ஓம் பக்கம் 6.0 வோல்ட். கணக்குப் போட்டால் ஒரு வால்வில் 36 மில்லியாம்பியர், மற்றதில் 46.

சராசரியில் 12.5 வாட்டாகச் சாதுவாகத் தெரிந்த ஜோடியில், ஒன்று 11 வாட்டிலும் மற்றது 14 வாட்டிலும் வெந்துகொண்டிருந்தது. அறை விளக்கை அணைத்துப் பார்த்தபோது, இரண்டாவது வால்வின் சாம்பல் நிறத் தகட்டில் நகக்கீறல் அளவுக்கு ஒரு மங்கிய சிவப்பு தெரிந்தது. கண்ணாடியின் உட்புறத்தில் ஊதா கலந்த நீல ஒளி படர்ந்தால் பயப்பட வேண்டியதில்லை, நல்ல வால்வுகளிலும் அது வரும். தகடு சிவந்தால் உடனே அணைக்க வேண்டும். உறுமலுக்கும் காரணம் இதுதான். இரு வால்வுகளும் சமமாக இழுக்கும்போது மின்வழங்கியின் உறுமல் டிரான்ஸ்ஃபார்மருக்குள் ஒன்றையொன்று எதிர்த்து அழிந்துவிடும். ஒன்று அதிகமாக இழுத்தால் மீதி ஸ்பீக்கரில் கேட்கும்.

அடுத்து வந்தது ஜேஜே இஎல்84, பொருத்தம் பார்த்த ஜோடி. ஐயாயிரம் ரூபாயை ஒட்டி ஆனது. இம்முறை வாங்கிய இடத்தில், ஒவ்வொரு வால்வின் அளவீட்டையும் பெட்டியின் மேல் பேனாவால் எழுதி அனுப்பியிருந்தார்கள். எங்கள் அளவீட்டில் பொது ரெசிஸ்டரில் 10.3 வோல்ட், இரு பக்கமும் 35.6, 35.9 மில்லியாம்பியர். 315 வோல்ட்டில் ஒன்றுக்கு 11.3 வாட். உறுமல் அடங்கியது. இஎல்84-க்குக் குறித்த பிளேட் மின்னழுத்த வரம்பு 300 வோல்ட்தான். கிட்டார் ஆம்ப் செய்பவர்கள் அதைத் தாண்டிப் போவது வழக்கமாகிவிட்டது. அந்தச் சுமையிலும் ஜேஜே இதுவரை முணுமுணுக்கவில்லை. ஒலியைப் பொறுத்தவரை கீழ்ச் சுரங்களில் கனம் உண்டு. மேல் சுரங்களில் கூர்மை சற்றுக் குறைவு. என்னுடைய ஒற்றைச் சுருள் பிக்கப் கிட்டாரின் கீச்சொலியை அது மழுப்பிவிடுவதால் எனக்கு நன்மையே. ஏற்கெனவே மந்தமாக ஒலிக்கும் கிட்டார் வைத்திருப்பவர், வாங்குவதற்குமுன் எங்காவது கேட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது ஜோடியை நான் வாங்கவில்லை, இரவலாகக் கிடைத்தது. ஒரு நாள் பெரியவர் பரணிலிருந்து பிஸ்கட் டின் ஒன்றை இறக்கினார். பழைய செய்தித்தாளில் சுற்றிய வால்வுகள். கண்ணாடியில் வெள்ளை எழுத்தில் பெல் என்ற முத்திரை. 1954-இல் பெங்களூரில் தொடங்கிய பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1960-களில் ரேடியோ வால்வுகளைச் செய்யத் தொடங்கியது. நம் வீடுகளில் அன்று பாடிக்கொண்டிருந்த பல ரேடியோக்களின் கடைசி வால்வு இஎல்84-தான். கிட்டார் ஆம்புக்கென்று தனியாகப் பிறந்த பொருள் அல்ல அது. உச்சியில் வெள்ளி பூசினாற்போல் பளபளக்கும் திட்டு நிறம் மாறாமல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். உள்ளே காற்று புகுந்திருந்தால் அந்தத் திட்டு பால்போல் வெளுத்துவிடும். ஒன்று வெளுத்திருந்தது, அதைத் தனியே வைத்தார். மீதியிலிருந்து இரண்டைப் பொருத்திப் பார்த்ததில் 34.7, 33.6 மில்லியாம்பியர் வந்தது. அரை நூற்றாண்டு செய்தித்தாளுக்குள் கிடந்த பொருளுக்கு இது வியப்புக்குரிய பொருத்தம்.

ஒரு வாரம் வாசித்தேன். ஜேஜேயைவிட நடுச் சுரங்கள் தெளிவு. மெல்லிசைக் குழுவில் கீபோர்டும் தபேலாவும் சேர்ந்து ஒலிக்கையில் கிட்டாரின் நோட்டுகள் அமுங்காமல் எழுந்துவந்தன. அதைக் கேட்ட பிறகு விலை கேட்காமலிருக்க முடியவில்லை.

“ஐயா, இந்த ஜோடியைக் குடுத்துடுங்களேன். என்ன விலைன்னாலும் சொல்லுங்க.”

“உனக்குக் குடுத்துட்டா, நாளைக்கு ஒருத்தர் அவங்க அப்பா வச்சிருந்த ரேடியோவைத் தூக்கிட்டு வருவார். நான் எதைப் போட்டுக் குடுக்கிறது? உனக்குப் புதுசு கெடைக்குது கண்ணு, வாங்கிக்க.”

மறுபேச்சுப் பேச இடமில்லை. இணையத்தில் பழைய சரக்கு என்று விற்கும் வால்வுகளைத் தேடிப் பார்த்தேன். அளவீடு எழுதியிராத, திருப்பி எடுத்துக்கொள்ளாத பழைய வால்வுக்குப் புதிய ஜோடியைவிடக் கூடுதல் விலை கேட்கிறார்கள். அந்த விலையில் அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

முன்பகுதி வால்வுகளில் பணத்தைச் சமமாகப் பங்கிடத் தேவையில்லை. கிட்டாரிலிருந்து வரும் கேபிள் நுழையும் இடத்துக்கு மிக அருகிலுள்ள முதல் வால்வுதான் முக்கியம். அது உண்டாக்கும் சிறு இரைச்சலைப் பின்னால் வரும் எல்லாக் கட்டங்களும் சேர்ந்து பெருக்கிவிடும். பவர் வால்வுகளுக்கு முன்னால் இருக்கும் கடைசிச் சிறு வால்வில் அதே இரைச்சல் இருந்தாலும் காதுக்கு எட்டாது. எனவே நான் தவறுதலாக வாங்கியிருந்த மூன்றையும் முதல் இடத்தில் ஒவ்வொன்றாகப் போட்டு, பென்சிலின் மரமுனையால் கண்ணாடியை மெதுவாகத் தட்டினேன். ஒன்று, கோயில் மணியைத் தூரத்திலிருந்து கேட்பதுபோல் ஸ்பீக்கரில் கணீரென்று ஒலித்து, நான் பென்சிலை எடுத்த பிறகும் ஊளையிட்டது. அதைத் தூக்கியெறியவில்லை, கடைசி இடத்தில் போட்டேன், அங்கே அது இன்றுவரை வாய்திறக்கவில்லை. ஸ்பீக்கரும் வால்வும் ஒரே பெட்டிக்குள் அதிரும் என்னுடையது போன்ற ஆம்பில், உள்தகடு நீண்ட வால்வுகளுக்கு இந்த நோய் சற்று அதிகம். சோவ்டெக் 12ஏஎக்ஸ்7எல்பிஎஸ் நீண்ட தகடு கொண்டது. கடைசி இடத்தில் அருமையாக வேலை செய்தது, முதல் இடத்துக்கு நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். ஜேஜே இசிசி83எஸ் குட்டைத் தகடு கொண்டது; தட்டினால் மரக்கட்டையைத் தட்டியது போன்ற ஓசையோடு நின்றுவிடுகிறது. டங்-சோல் 12ஏஎக்ஸ்7 இரண்டுக்கும் நடுவே, மேல் சுரங்களில் பளிச்சென்று ஒலித்தது. ஜேஜே பவர் வால்வுகளின் மந்தத்துக்கு அது நல்ல மாற்று என்பதால் என் ஆம்பில் முதல் இடம் இப்போது அதற்குத்தான்.

சர்ச்சில் பாடற்குழுவோடு வாசிக்கும் நாட்களில் ஒலி கரகரக்காமல் தெளிவாக வேண்டும். அதற்கு 5751 என்ற வால்வை முதல் இடத்தில் வைத்துப் பார்த்தேன். 12ஏஎக்ஸ்7-இன் பெருக்க எண் 100; 5751-க்கு 70. வால்யூம் திருகை இன்னும் கொஞ்சம் திருப்பிவிட்டுத் தெளிவு குலையாமல் வாசிக்க முடிகிறது. இன்னும் அடக்கம் வேண்டுவோருக்கு 44 பெருக்க எண் கொண்ட 12ஏஒய்7 உண்டு. எனக்கு அது உப்பில்லாத குழம்பாகப் பட்டது.

சேலத்துக்காரர்களும் ஏற்காட்டுக்காரர்களும் வால்வின் ஆயுளைப் பற்றி யோசிக்கையில் பிராண்டைவிட முதலில் பார்க்க வேண்டியது சுவர் பிளக்கை. வால்வின் உள்ளே இருக்கும் சூடேற்றிக்கு 6.3 வோல்ட் தேவை. பத்து சதவீதம் கூடக்குறைய இருக்கலாம், அதாவது 6.93 வரை. 230 வோல்ட்டுக்குச் செய்த டிரான்ஸ்ஃபார்மரில் 255 வோல்ட் நுழைந்தால் சூடேற்றிக்குப் போவது 6.98. மலையில் ஒரு காப்பித் தோட்டத்துக் கல்யாண வரவேற்பில் ஜெனரேட்டரில் வாசிக்க நேர்ந்தபோது, சும்மா மீட்டரைச் செருகிப் பார்த்தேன்: சரியாக 255. பிளேட் மின்னழுத்தமும் அதே விகிதத்தில் ஏறியிருக்கும் என்பதால், பொருந்தாத அந்த மலிவு ஜோடி அன்று உள்ளே இருந்திருந்தால் விருந்து முடியும்வரை தாங்கியிருக்காது. இப்போது வெளியூர் நிகழ்ச்சிக்கெல்லாம் ஒரு ஸ்டெபிலைசரும் உடன் வருகிறது. தூக்கக் கனம்தான்.

இருபது கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி குலுங்கி ஏறும்போது வால்வு தானாகச் சற்று மேலெழும்பி நிற்பதையும் கண்டிருக்கிறேன். மேலே சேர்ந்ததும், இயக்குவதற்கு முன்பு, பவர் வால்வின் ஸ்பிரிங் கவ்வி பிடித்திருக்கிறதா என்று பார்த்து, சிறு வால்வுகளின் தகர மூடியைக் கழற்றி ஒவ்வொன்றையும் நேராக அழுத்திவிட வேண்டும். ஒன்பது பின்னும் தடித்த கம்பிபோல் கண்ணாடியிலிருந்தே நேராக இறங்குபவை. சாய்த்து நெம்பினால் அடிக்கண்ணாடி விரிசல் விடும்.

வாங்கும் இடத்தைப் பற்றி ஒன்று. சேலத்து இசைக்கருவிக் கடைகளில் நான் கேட்ட இரண்டிலும் கையிருப்பு இல்லை, சொன்னால் வரவழைத்துத் தருவதாகச் சொன்னார்கள். இணையத்தில் வாங்குபவர் மூன்று கேள்விகளை முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும்: ஜோடியின் அளவீட்டு எண்களைத் தருவார்களா, முதல் இடத்துக்கென்று இரைச்சல் சோதித்த சிறு வால்வு உண்டா, வந்து சேர்ந்த வால்வு ஊளையிட்டால் மாற்றுவார்களா. முதல் கேள்விக்கே மழுப்பலான பதில் வந்தால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. என் மலிவு ஜோடியை விற்றவர்கள், “சார், எல்லாமே டெஸ்ட் பண்ணதுதான்” என்று ஒரே வரியைத்தான் மூன்று முறை அனுப்பினார்கள்.

இப்போது ஆம்பில் இருப்பவை: முதல் இடத்தில் டங்-சோல், நடுவில் ஜேஜே இசிசி83எஸ், கடைசியில் அந்த ஊளைக்காரன், பவருக்கு ஜேஜே ஜோடி. வாரம் இரண்டு முறை வாசித்து ஓராண்டு கடந்தபின், சென்ற மாதம் மீண்டும் அளந்ததில் 34.1, 34.6 மில்லியாம்பியர். 5751 தனிப் பெட்டியில், ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும். அடுத்த பவர் ஜோடியை வாங்கிப் பரணில் வைத்துவிட்டேன். பெரியவர் பாணியில், செய்தித்தாளில் சுற்றி, பிஸ்கட் டின்னுக்குள்.